கியர் பார்க்லேருந்து நகரலையா, மொதல்ல பின்னாடி போய் லைட்டப் பாருங்க

என் ஆட்டோ கியர் பிக்கப்போட சாவியத் திருப்புனேன், இஞ்சின் ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு, டேஷ்போர்டு லைட்டெல்லாம் ஒழுங்கா வந்து ஒழுங்கா அணைஞ்சுது. பிரேக்க மிதிச்சுக்கிட்டு கியரப் புடிச்சு இழுத்தா அது பார்க்லேருந்து ஒரு நூல்கூட அசையல. காலையில ஆறு பத்து, இன்னும் இருட்டு. அம்மா பக்கத்து சீட்டுல ஆஸ்பத்திரி அட்டைய மடியில வச்சுக்கிட்டு பெல்ட்டெல்லாம் போட்டு ரெடியா உக்காந்திருக்காங்க. எட்டரைக்கு ஈப்போவுல கண்ணு டாக்டரப் பாக்கணும், ரெண்டு கண்ணுலயும் புரை, அந்தத் தேதி கெடைக்க நாங்க எத்தன மாசம் காத்திருந்தோம்னு எனக்குத்தான் தெரியும்.

எங்க வீடு மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல, லிந்தாங் போற ரோட்டுப் பக்கம். தோட்டத்து லயத்த விட்டு வெளிய வந்து அப்பா கட்டுன வீடு, வாசல் நல்ல சரிவு. நான் செம்பனைத் தோட்டங்கள்ல புல்வெட்டு, உரம் போடுற கான்ட்ராக்ட் பண்றேன், அதனால பிக்கப் பின்னாடி எப்பவும் எதாவது பாரம் இருக்கும், அன்னிக்கு அம்பது கிலோ உரமூட்டை எட்டு, புல்வெட்டு மெஷின் நாலு. அவ்ளோ பாரத்தோட சரிவுல ராத்திரி முழுக்க நின்ன வண்டி. அதனால எனக்கு வந்த மொத சந்தேகம் சரிவுதான், அது ஒண்ணும் மடத்தனமான சந்தேகமும் இல்ல.

ஆட்டோ கியர்ல பார்க் போட்டா உள்ள என்ன நடக்குதுன்னு பலபேர் யோசிக்கிறதில்ல. கியர்பாக்ஸ்லேருந்து சக்கரத்துக்குப் போற தண்டுல பல்லு வச்ச ஒரு வளையம் இருக்கு, பார்க் போட்டதும் வெரல் மாதிரி ஒரு இரும்புக் கொக்கி வந்து அந்தப் பல்லு நடுவுல உக்காந்துக்கும், அவ்ளோதான். சரிவுல நிறுத்திட்டு ஹேண்ட்பிரேக் போடாம நேரா பார்க்குக்குத் தள்ளிட்டு பிரேக்க விட்டீங்கன்னா மொத்த வண்டி எடையும் அந்தச் சின்னக் கொக்கி மேல தொங்கும். மறுநாள் எடுக்கும்போது கியர் இறுகிப்போய் இருக்கும், பலமா இழுத்தா டொக்குன்னு ஒரு சத்தத்தோட வரும், சில நேரம் வரவே வராது. முறை என்னன்னா, பிரேக்க மிதிச்சபடியே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்து, கால லேசா எடுத்து எடைய ஹேண்ட்பிரேக் மேல எறக்கிட்டு, திரும்ப மிதிச்சு அப்புறம்தான் பார்க் போடணும். எங்கப்பா தோட்டத்து லோரி ஓட்டுனவரு, அந்தக் காலத்துல எல்லாம் மேனுவல், ஆனா எங்க நிறுத்துனாலும் கித்தாக்கட்டை, அதான் ரப்பர் மரக்கட்டை, ஒண்ண டயருக்கு அடியில குடுக்காம எறங்க மாட்டாரு. அந்தக் கட்டை இன்னும் என் வண்டியில இருக்கு, ஒரு பக்கம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, எண்ணெய் ஊறி கறுப்பா இருக்கும்.

அன்னிக்கு முந்துன ராத்திரி மழையில அவசரமா நிறுத்துனதுல ஹேண்ட்பிரேக் அர மனசாத்தான் இழுத்திருந்தேன். சரி, இதான்னு முடிவு பண்ணி பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேர எழுப்பி பின்னாடிலேருந்து மேட்டுப் பக்கமா தள்ளச் சொன்னேன், தள்ளும்போது நான் மிதிச்சுக்கிட்டு இழுத்தேன், ஒண்ணும் நடக்கல. இப்ப யோசிச்சா அப்பவே ஒண்ணு எனக்குப் புரிஞ்சிருக்கணும், ஏன்னா கொக்கி இறுகியிருந்தா கியர்ல இருக்கிற பட்டன் உள்ள போகும், கம்பிதான் முரண்டு பண்ணும். எனக்கு அந்தப் பட்டனே உள்ள போகல, கல்லு மாதிரி நின்னுச்சு. என் வண்டியில பூட்டுனது பாரமில்ல, கியருக்குள்ளயே வேற ஏதோ ஒண்ணுன்னு அதுக்கு அர்த்தம். கட்டைவெரல் சொன்னத மண்டை கேக்கல.

பக்கத்து வீட்டு மாமா ஜன்னல்லேருந்து, "டேய், பிரேக் லைட்டு எரியுதா பாருடா, அது எரியலன்னா கியரு வராது"ன்னு சத்தம் போட்டாரு. நான் மிதிச்சுக்கிட்டே அம்மாவ எறங்கிப் பாக்கச் சொன்னேன், பசங்க அதுக்குள்ள கை கழுவப் போயிட்டானுங்க. ஹெட்லைட்ட ஏற்கனவே போட்டிருந்தேன், அதனால பின்னாடி சிவப்பு லைட்டு ரெண்டும் எரிஞ்சுகிட்டுதான் இருந்துது. நான் மிதிச்சேன், விட்டேன், மிதிச்சேன். அம்மா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "எரியுது தம்பி, ஆனா நீ மிதிச்சாலும் மிதிக்கலன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, கூடவும் இல்ல கொறையவும் இல்ல"ன்னாங்க.

அம்மா கண்ணுல புரை. அவங்களுக்கு வெளிச்சம் கூடுறது கொறையுறது எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சுட்டேன். "சரிம்மா, ஏறிக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டேன்.

அடுத்த வேலைன்னா, தெரிஞ்ச வொர்க்ஷாப் ஒண்ணுக்கு போன் அடிச்சேன். எடுத்தவரு தூக்கத்துலயே, கியர்பாக்ஸ் போயிருக்கும், எறக்கிப் பாத்தாதான் தெரியும், டோ பண்ணிக் கொண்டாங்கன்னாரு. ஒரே ஒரு கேள்வி கேக்கல. லைட்டு எரியுதா, கியர் பக்கத்துல சத்தம் வருதா, பட்டன் உள்ள போகுதா, எதுவும் கேக்கல. ஆயிரக்கணக்குல வெள்ளி, அதாவது ரிங்கிட், போற வேலைய ஒரு மனுஷன் அப்பிடி போன்லயே சொல்லலாமான்னு எனக்கு இன்னிக்கும் ஆறல. டோ பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன், பிக்கப்ல பெரும்பாலும் பின் சக்கரம்தான் இழுக்கும், பார்க்ல இருக்கிற வண்டிய முன்பக்கம் தூக்கி அப்படியே இழுத்துட்டுப் போனா பின் சக்கரம் சுத்தாம ரோட்டுல தேயும், அந்தக் கொக்கியும் பல்லும் ஒடையலாம், அதுக்கப்புறம் நெஜமாவே கியர்பாக்ஸ எறக்க வேண்டியதுதான். முழு வண்டியையும் மேல ஏத்துற படுக்கை லோரிதான் கேக்கணும்.

கடைசியில வண்டி புக்க எடுத்துப் பாத்தேன். கியர் பக்கத்துல நகம் அளவுக்கு ஒரு சதுர மூடி, மேல ஷிப்ட் லாக்குன்னு போட்டிருக்கும், நாலு வருஷமா அது கண்ணு முன்னாடிதான் இருந்துது. அப்பாவோட கட்டைய டயருக்குக் குடுத்தேன், ஹேண்ட்பிரேக்க முழுசா இழுத்தேன், கீறல் விழாம இருக்க தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியில துணியச் சுத்தி மூடிய நெம்பி எடுத்தேன், உள்ள ஸ்க்ரூடிரைவர விட்டு கீழ அமுக்கிக்கிட்டு, பிரேக்கயும் மிதிச்சுக்கிட்டு, பட்டன அமுக்கி இழுத்தா வெண்ண மாதிரி நியூட்ரலுக்கு வந்துச்சு. எல்லா வண்டியிலயும் இது ஒரே எடத்துல இருக்காது, சிலதுல கவருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், சிலதுல மூடியில்லாம பட்டனாவே இருக்கும், வீட்டுல நிக்கும்போதே புக்கப் பாத்துத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஹேண்ட்பிரேக் போடாம இத மட்டும் செஞ்சிடாதீங்க, சரிவுல வண்டி உருண்டா பின்னாடி யாரு நிக்கிறான்னு பாக்கக்கூட நேரம் இருக்காது.

கியர் வந்த சந்தோஷத்துல நேரத்தப் பாத்தேன், ஆறு அம்பது. கெளம்பிட்டோம்.

பழைய மெயின் ரோடு அது, ஒண்ணாம் நம்பர் ஃபெடரல் ரோடு. ராத்திரி மழைக்கு அப்புறம் சுண்ணாம்பு மலைப் பக்கமெல்லாம் பனி எறங்கிக் கெடந்துது. கந்தான்ல சிமெண்ட் ஆலை இருக்கிறதால காலையில கனத்த லோரிங்க வரிசையா போகும். ஒரு வளைவுல முன்னாடி போன வேன் ஸ்லோ பண்ண, நானும் மிதிச்சேன், பின்னாடி வந்த லோரி காத கிழிக்கிற மாதிரி ஹாரன அடிச்சுக்கிட்டு பாதி வலப்பக்கமா ஒடிச்சு நின்னுச்சு. கண்ணாடியில அதோட முன்பக்க கிரில் மட்டும்தான் தெரிஞ்சுது. என்னடா இவன் இப்படி ஓட்டுறான்னு நான் அவனத் திட்டுனேன். செம்மோர் தாண்டி ஒரு சிக்னல்ல நிக்கும்போது மலாய்க்காரர் ஒருத்தரு மோட்டாரக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தி கண்ணாடியத் தட்டுனாரு. "பாங், லம்பு பிரேக் மாத்தி." பிரேக் லைட்டு செத்துப்போச்சுங்கிறாரு. "டுவா டுவா மாத்தி"ன்னு ரெண்டு வெரலக் காட்டுனாரு, ரெண்டு பக்கமுமே இல்லையாம்.

எனக்கு ஒடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. வண்டிய ஓரங்கட்டி ஹசார்ட் லைட்டப் போட்டேன், அது வேற லைன்ல வர்றதால எரிஞ்சுது. அம்மா மெதுவா, "அப்ப சரியாத்தான் பாத்திருக்கேன், என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சுட்டேன்பா"ன்னாங்க. கோவமா சொல்லியிருந்தாக்கூட பரவால்ல. அந்தப் புரை விழுந்த கண்ணால இருட்டுல நின்னு கூடவும் இல்ல கொறையவும் இல்லன்னு அவ்ளோ துல்லியமா சொன்னாங்க, நான் அவங்களையே பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பிரேக் லைட்டு இல்லாம இவ்ளோ தூரம் வந்திருக்கேன்.

விஷயம் என்னன்னா, பிரேக் பெடலுக்கு மேல, காலுக்கு மேல குனிஞ்சு பாத்தா தெரியும், ஒரு சின்ன சுவிட்சு இருக்கு. மிதிச்சா அது கரண்ட விடும், அந்தக் கரண்டு பின்னாடி பிரேக் லைட்டுக்குப் போகுது, அதுலேருந்தே ஒரு சேதி கியர் பக்கத்துல இருக்கிற பூட்டுக்கும் போகுது. பூட்டுன்னா சொலினாய்டு, ஒரு காந்தச் சுருளும் ஒரு முள்ளும். டிரைவர் நெஜமாவே பிரேக்க மிதிச்சிருக்காருன்னு தெரிஞ்சாதான் முள்ள இழுத்து வழி விடும், நிசப்தமா இருந்தா டிக்குன்னு சத்தம்கூடக் கேக்கும். என் வண்டியில சுவிட்சுக்கு முன்னாடி இருக்கிற ப்யூஸ் போயிருந்துது, அதனால லைட்டும் இல்ல, பூட்டும் தொறக்கல. கியர் கெட்டுப் போகல. பின்னாடி லைட்டு இல்லன்னு கியர் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, நான் அது வாயப் பொத்திட்டு ரோட்டுல எறங்கிட்டேன்.

ஓரத்துல நின்னபடியே ப்யூஸ் டப்பாவத் தொறந்தேன். ஸ்டாப்புன்னு எழுதியிருக்கிற எடத்துல செவப்பு ப்யூஸ், செவப்புன்னா பத்து ஆம்பியர், நீலம் பதினஞ்சு, மஞ்சள் இருவது. உருவி போன் டார்ச் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா நடுவுல இருக்கிற கம்பி அறுந்து, பிளாஸ்டிக் உள்பக்கம் புகை படிஞ்ச மாதிரி கறுத்துக் கெடந்துது. ஸ்பேர் ஒண்ணு போட்டேன், எதிர்ல இருந்த கடைக் கண்ணாடியில பிரேக் லைட்டு மூணும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எட்டு இருவதுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டோம், நல்ல வேளை.

ஆனா சும்மா யாருக்கும் ப்யூஸ் போகாது. மத்தியானம் கார் பார்க்ல வந்து வண்டிய எடுத்தா திரும்பவும் கியர் வரல. இந்தத் தடவ நேரா பின்னாடி போய்ட்டேன், அங்க நின்ன ஒருத்தர மிதிக்கச் சொன்னேன், லைட்டு இல்ல. அவரு நல்ல மனசோட, நீல ப்யூஸ் இருக்கு, பெருசாப் போட்டா நிக்கும்னாரு, இல்லன்னா சிகரெட் பேப்பர் வெள்ளிய மடிச்சுச் சொருகுன்னாரு. தயவுசெஞ்சு அத மட்டும் யாரும் செய்யாதீங்க. வயரு தாங்குற அளவுக்குத்தான் ப்யூஸ் குடுத்திருக்கான், பெருசாப் போட்டா ப்யூஸுக்குப் பதிலா வயரு எரியும், அந்த வயரு சீட்டுக்கு அடியில, டீசல் டாங்க் பக்கம் எல்லாம் போகுது.

ஷிப்ட் லாக்க அமுக்கி கியர எடுத்து, ஹசார்டப் போட்டு, எடதோரமா, கிட்ட இருந்த வயரிங் கடைக்கு உருட்டிக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணனுக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும். அவரு கியர் பக்கமே போகல. புது ப்யூஸ் போட்டாரு, பிரேக்க மிதிக்காத வரைக்கும் நின்னுச்சு, மிதிச்சதும் போச்சு. "சரி, சுவிட்சுக்கு அப்பாலதான் எங்கயோ பாடியில தொடுது"ன்னாரு. அடுத்து பின்கதவத் தொறந்து வச்சுட்டு இன்னொரு ப்யூஸ் போட்டு மிதிக்கச் சொன்னாரு, நின்னுச்சு. கதவ மூடி மிதிச்சா போச்சு. ரெண்டே ரெண்டு ப்யூஸ்ல எடத்தக் கண்டுபிடிச்சுட்டாரு.

போன வருஷம் பின்னாடி இரும்புக் கம்பியில எல்இடி பிரேக் லைட்டு ஒண்ணு கூடுதலாப் போட்டிருந்தேன். விடிகாலையில தோட்டத்து ரோட்டுல என் ஆளுங்க பின்னாடியே மோட்டார்ல வருவாங்க, அவங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான் போட்டேன். போட்டுக் குடுத்த எடத்துல அதுக்கான வயர பின்கதவுக் கீல் ஓரமா, ஒரு ரப்பர் வளையம்கூட இல்லாம இழுத்து விட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவ கதவ மூடும்போதும் கீலு அந்த வயர ஒரு கடி கடிச்சிருக்கு. அண்ணன் அந்த எடத்த வெரலால பிரிச்சுக் காட்டுனாரு, மேல் தோலு அரிசி அளவுக்குத் தேஞ்சு, உள்ள செம்புக் கம்பிங்க பச்சை பூத்து, அதுல ரெண்டு மூணு இழை அறுந்து மீசை மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த மீசைதான் மழை ஈரத்துல பாடியத் தொட்டிருக்கு.

அவரு அந்த எடத்த வெட்டி எடுத்து, ஈயம் வச்சு ஒட்டி, சுடவச்சா சுருங்குற குழாய மேல போட்டு, கீல் பக்கமே போகாம வேற வழியா நெளி குழாய்க்குள்ள விட்டுக் கொண்டாந்தாரு. அப்புறம் அவரா செஞ்சது ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு, அந்தக் கூடுதல் லைட்டுக்குன்னு தனியா ஒரு சின்ன ப்யூஸ் போட்டாரு, இனிமே அது கெட்டா அது மட்டும் போகும், வண்டியோட சொந்த பிரேக் லைட்டு போகாது. மொத்தம் அறுவது வெள்ளி. ரெண்டு கண்ணுலயும் மருந்து ஊத்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு அம்மா அவர் கடை பெஞ்சுல தே-ஓ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

எல்லாருக்கும் என் வண்டியில வந்த கோளாறேதான் வரும்னு இல்ல. லைட்டு எரியல, ப்யூஸும் நல்லா இருக்குன்னா பெடல் சுவிட்ச சந்தேகப்படணும், பழைய வண்டியில உள்ள கரிஞ்சு போயிருக்கும், கழட்டி மாட்டுற வேலைதான், பெருசா செலவாகாது. லைட்டு நல்லா எரியுது ஆனா கியர் பக்கம் டிக் சத்தமே இல்லன்னா சொலினாய்டு, இல்ல அதுக்குப் போற வயரு. கப்பு வைக்கிற எடத்துலேருந்து தே தாரிக், மைலோன்னு கொட்டி கியர் கவருக்குள்ள போய் சக்கரையா ஒறைஞ்சு முள்ளு ஒட்டிக்கிட்ட வண்டிகளும் உண்டு. லைட்டும் இருக்கு, டிக்கும் கேக்குது, இன்னும் வரலன்னா அப்பதான் மெக்கானிக்கல் சமாச்சாரம், சரிவுல கொக்கி இறுகுனது, கேபிள் முனையில பிளாஸ்டிக் புஷ் ஒடைஞ்சது, இல்ல கியர் சந்துக்குள்ள இருவது காசு விழுந்து கெடக்குறது. பேட்டரியும் பாருங்க, இஞ்சின் ஓடாதப்ப 12.6 வோல்ட் இருக்கணும், 12க்குக் கீழ போச்சுன்னா கிட்டத்தட்ட காலி, முள்ள இழுக்கக்கூட சில நேரம் தெம்பு இருக்காது. பட்டன அமுக்கி ஸ்டார்ட் பண்ற வண்டியில பிரேக் சுவிட்சு செத்தா பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது, அதுக்கும் மிதிச்ச சேதி வேணும். நீங்க பாக்க வேண்டியது லைட்டு, அப்புறம் டிக் சத்தம், இந்த ரெண்டையும் பாத்துட்டு வொர்க்ஷாப்புக்கு போன் அடிங்க, உங்ககிட்ட யாரும் கியர்பாக்ஸ் கதை சொல்ல முடியாது.

இந்தப் பூட்டு எதுக்குடான்னு கேக்குறவங்க நெறையப் பேரு. 1980கள்ல அமெரிக்காவுல அவுடி 5000 காரு தானாப் பாயுதுன்னு பெரிய களேபரம் நடந்துச்சு, 1989ல அந்த நாட்டு ரோடு பாதுகாப்பு நிறுவனம் இந்த மாதிரி தானாப் பாயுறதா சொன்ன கேஸையெல்லாம் ஆராய்ஞ்சு, பெரும்பாலும் டிரைவருங்க பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய் பெடல, அதான் ஆக்சிலரேட்டர, மிதிச்சதுதான்னு சொல்லிச்சு. பிரேக்க மிதிச்சாதான் பார்க்லேருந்து வரும்ங்கிற ஏற்பாடு பரவுனது அந்தக் காலத்துலதான். அப்புறம் புள்ளைங்க வண்டியில வெளையாடும்போது கியரத் தட்டி உருண்டுபோற விபத்தெல்லாம் பாத்து, 2010 செப்டம்பர் 1லேருந்து தயாராகி அங்க விக்கிற, எடை கொறஞ்ச ஆட்டோ கியர் வண்டிக்கெல்லாம் இதச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. எங்க வாசல் சரிவுல நிக்கிற வண்டிக்குள்ள அக்கா புள்ளைங்க ஏறி ஸ்டியரிங் சுத்தி வெளையாடாத ஞாயித்துக்கெழமை இல்ல. எனக்கு அந்தப் பூட்டு வேணும்.

தெரிஞ்சவரு ஒருத்தரு, அவரும் தோட்டத்துல கான்ட்ராக்ட் பண்றவருதான், கியர் கவரக் கழட்டி அந்த முள்ள கேபிள் டையால இழுத்துக் கட்டியே வச்சுட்டாரு, இனிமே தொல்ல இல்லையாம். பிரேக் லைட்டு எரியுதான்னு கேட்டேன், பாக்கலன்னாரு. நான் அவர அங்கயே நிறுத்தி வச்சு, லோரி ஹாரன் கதையச் சொல்லி, வாங்கன்னு சொல்லி பின்னாடி கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். ஒண்ணுகூட எரியல. விடிகாலை அஞ்சரைக்கு செம்பனை மரத்துக்கு நடுவுல போற அந்த மண் ரோட்டுல ஒரு வெளக்கு கெடையாது. பின்னாடி மோட்டார்ல வர்றவன் பொண்டாட்டிய ஸ்கூல் கேன்டீன் வேலைக்கு எறக்கிவிட்டுட்டு வர்றவனா இருக்கும், முன்னாடி புள்ள, பின்னாடி புள்ளன்னு வர்றவனா இருக்கும். அவனுக்கு நான் நிக்கிறேன்னு சொல்றதுக்கு அந்தச் செவப்பு லைட்ட விட்டா வேற என்ன இருக்கு?

அம்மாவுக்கு பிப்ரவரியில ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது, இன்னொண்ணு ஜூன்ல. இப்ப நான் காலையில வண்டிய எடுக்கும்போது அவங்களே வாசலுக்கு வந்து பின்னாடி நின்னுக்குறாங்க, யாரும் கூப்புட வேணாம். நான் மிதிக்கிறேன். "மேல இருக்கிறதும் எரியுது தம்பி, எடது பக்கம் கொஞ்சம் சேறு அடிச்சிருக்கு, இரு"ன்னு சொல்லிட்டு முந்தானையால தொடச்சு விடுறாங்க.